இரண்டு கேசட்டும் ஒரு 'டா'வும்

கோபமாகப் பாடினால் அது பாட்டில்லை, கோஷம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. நேரில் பேசினால் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எழுத்தில் அப்படி நழுவ முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சண்டைக்குக் காரணம் இரண்டு கேசட்டுகள். போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது என் கப்பல் காலத்து டிரங்குப் பெட்டி கீழே இறங்கியது. உள்ளே அறுபது எழுபது கேசட் இருக்கும். பாதி இளையராஜா. கொஞ்சம் மதுரை சோமு, கொஞ்சம் சீர்காழி, துறைமுகங்களில் வாங்கிய போனி எம், ஜிம் ரீவ்ஸ். டூ-இன்-ஒன்னின் பெல்ட் அறுந்து எத்தனையோ வருடம். செங்கல்பட்டில் இன்னும் அந்த வேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார்; அவரிடம் கொடுத்து மாற்றினேன். பிறகு தினம் ஒன்றாகப் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். ரிட்டயர் ஆனவனுக்கு வேறென்ன வேலை?

லீவுக்கு வந்திருந்த தங்கை மகன் பெட்டியைக் கிளறினான். பெங்களூரில் வேலை பார்க்கிறான், கிராமபோன் தட்டு சேர்க்கிற பழக்கம் உண்டு. ஒரு மஞ்சள் அட்டைக் கேசட்டை எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "மாமா, இது ஒரிஜினலா? இதை எப்படி நீங்க வெச்சிருக்கீங்க?" என்று நாலு பக்கமும் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். பக்கத்திலேயே, பால்பாயின்ட் பேனாவில் பெயர் எழுதிய ஒரு டி.டி.கே. கேசட் கிடந்தது. அதை எடுத்து, படித்து, ஒன்றும் கேட்காமல் திருப்பி வைத்துவிட்டான்.

அதே வாரம் மாலைக் காபிக்கு வந்த நண்பர், ரிட்டயர்டு தலைமையாசிரியர், இரண்டையும் பொறுமையாகக் கேட்டார். முதலாவதுக்கு "ஏதோ வெள்ளைக்காரன் கூத்து" என்றார். இரண்டாவதுக்கு முகம் மாறிவிட்டது. "சார், இது பாட்டா? மீட்டிங்கில்ல" என்றார்.

இந்த இருவருக்கும் சேர்த்துத்தான் பதில்.

முதலில் அந்த மஞ்சள் கேசட். அதில் பாடுவது வெள்ளைக்காரர்கள் இல்லை, நாலு பேருமே கறுப்பர்கள். குழுவின் பெயர் பேட் பிரெய்ன்ஸ், ஊர் வாஷிங்டன். 1982-இல் ரோயர் என்ற நியூயார்க் கம்பெனி வெளியிட்ட அவர்களது முதல் ஆல்பம் இது. அப்போது இது எல்பி தட்டாக வரவில்லை, கேசட்டாக மட்டுமே வந்தது. அட்டையில் அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில் இடி விழுகிறது. அந்தப் படத்துக்காகத்தான் நியூயார்க்கில் ஒரு சின்னக் கடையில் வாங்கினேன். கப்பலுக்குத் திரும்பிப் போட்டுப் பார்த்தால், என் கேபின் சுவரை யாரோ சுத்தியால் உடைக்கிற மாதிரி இருந்தது. ஒரு பாட்டு ஒன்றரை நிமிடம். மூச்சு விடுவதற்குள் அடுத்த பாட்டு. மொத்தம் 15 பாட்டு, அரை மணிக்குச் சற்று மேல். நடுவில் மூன்று இடத்தில் மட்டும் திடீரென்று நிதானமான ஜமைக்கா நடையில் ரெகே பாடுவார்கள். பிறகு மறுபடியும் சுத்தியல்.

இந்த வகைக்கு ஹார்ட்கோர் பங்க் என்று பெயர். 1976, 77-இல் லண்டனிலும் நியூயார்க்கிலும் கிளம்பிய பங்க் பாட்டை இன்னும் வேகமாக, இன்னும் சுருக்கமாக, இன்னும் முரட்டுத்தனமாக ஆக்கியது. பெரிய கம்பெனிகள் இவர்களைத் தொடவில்லை. அதனால் தாங்களே பதிவு செய்து, தாங்களே அட்டை மடித்து ஒட்டி, தாங்களே விற்றார்கள். வாஷிங்டனில் டிஸ்கார்ட் என்று ஒரு கம்பெனி 1980-இல் அப்படித்தான் இளவட்டங்களால் ஆரம்பிக்கப்பட்டது.

இதில் எனக்கு முக்கியமான விஷயம் வேறு. பேட் பிரெய்ன்ஸ் ஆட்கள் வாசிக்கத் தெரியாதவர்கள் இல்லை. அதற்கு முன்னால் ஜாஸும் ராக்கும் கலந்த, விரல் வித்தை நிறைந்த சங்கீதம் வாசித்தவர்கள். மெதுவாகவும் அழகாகவும் வாசிக்கத் தெரிந்தவர்கள் யோசித்து எடுத்த முடிவு இந்த வேகம். கையாலாகாமல் கத்தியது கிடையாது.

இரண்டாவது கேசட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றால், "மனுசங்கடா – கே.ஏ.ஜி." அவ்வளவுதான். கம்பெனி பெயர் கிடையாது, தேதி கிடையாது. கப்பலில் என்னோடு வேலை பார்த்த ராமநாதபுரம் பக்கத்துப் பம்ப்மேன் ஒருவர் பதிந்து கொடுத்த நகல். அவரிடம் இருந்ததே ஒரு நகல்தான். நகலின் நகலின் நகல். போட்டால் முதலில் உஸ்ஸென்று இரைச்சல். அப்புறம் தோல் அடி. அப்புறம் அந்தக் குரல்.

கே.ஏ.ஜி. என்றால் கே.ஏ. குணசேகரன். 1955-இல் இளையான்குடி பக்கம் மாரந்தை கிராமத்தில் பிறந்தவர். நாட்டுப்புறக் கலைகளை ஆராய்ந்த பேராசிரியர், பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறையில் இருந்தவர், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 'பலியாடுகள்' நாடகம் எழுதியவர். 'வடு' என்று தன் வரலாறு எழுதியவர். நூறு சொச்சம் பக்கம்தான், படிக்காதவர்கள் படிக்க வேண்டும். இத்தனைக்கும் மேலே அவர் ஒரு பாட்டுக்காரர். தன்னானே கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போய்ப் பாடியவர்.

'மனுசங்கடா' பாட்டை எழுதியவர் இன்குலாப். கீழக்கரைக்காரர், சென்னை புதுக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியர். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள் அல்லவா, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளிகளின் வீட்டுப் பெண்களும் குழந்தைகளும்தான் அதில் அதிகம். அந்தச் சம்பவத்தோடு சேர்த்தே பேசப்படுகிற பாட்டு இது. இன்குலாப் எழுதினார், கே.ஏ.ஜி. பாடினார், பாட்டு சேரிக்குச் சேரி போய்விட்டது. ரேடியோவில் வந்து போனதில்லை. ஒரு டேப்ரெக்கார்டரிலிருந்து இன்னொரு டேப்ரெக்கார்டருக்கு, கைக்குக் கை போனது. இப்படிப் போகிற விதத்தை பீட்டர் மேனுவல் என்ற அமெரிக்கர் வட இந்தியாவை வைத்து 1993-லேயே 'கேசட் கல்ச்சர்' என்று ஒரு புத்தகமாக எழுதிவிட்டார். கேசட் வந்த பிறகுதான் பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் சாதாரண ஜனங்கள் தங்கள் பாட்டைத் தாங்களே பதிந்து பரப்ப முடிந்தது என்பது அதன் சாரம். நம் பக்கத்துக் கதைக்கும் அப்படி ஒரு புத்தகம் எழுதலாம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் 'டா' மூன்று விதம். தங்கை மகனை நான் "என்னடா" என்பது பிரியம். ரோட்டில் மோதிவிட்டு "ஏண்டா" என்பது சண்டை. மூன்றாவதை இன்றைய பிள்ளைகள் நேரில் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன், ஆனால் என் சின்ன வயதில் தினம் கேட்டது. எழுபது வயதுக் கிழவர் தோளிலிருந்து துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பார். பத்து வயதுப் பையன் திண்ணையில் உட்கார்ந்து அவரை "வாடா, போடா" என்பான். கிழவர் அவனை "சாமி" என்பார். யாருக்கும் அதில் கோபம் வராது. ஏனென்றால் அது திட்டு இல்லை, அந்தக் காலத்து இலக்கணம். முன்னிலை ஒருமையில் சாதி உட்கார்ந்திருந்தது.

அந்தப் பாட்டின் தலைப்பு செய்வது என்ன? "நாங்களும் மனிதர்கள் ஐயா" என்று கெஞ்சவில்லை. அப்படிக் கெஞ்சியிருந்தால் என் தலைமையாசிரியர் நண்பர் கண்ணீர் விட்டிருப்பார், மேடையில் பொன்னாடை கூடப் போர்த்தியிருப்பார். அது "மனுசங்க" என்று சொல்லிவிட்டு, கடைசியில் 'டா' போடுகிறது. எத்தனையோ தலைமுறையாக வாங்கிக்கொண்ட அந்த ஓர் எழுத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. கேட்பவர் முகம் மாறுவது அங்கேதான். சுருதி சேரவில்லை, தாளம் முரடு என்பதெல்லாம் பிறகு தேடிக்கொள்கிற காரணங்கள்.

இது புதுசும் இல்லை. எங்கள் செங்கல்பட்டுச் சீமைக்காரர் ஒருவர் இதை முன்பே செய்துவிட்டார். மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் 1860-இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். 1893-இல் சென்னையில் பத்திரிகை ஆரம்பித்தார். என்ன பெயர் வைத்தார்? 'பறையன்'. எந்தச் சொல்லால் ஊர் அவரை இழிவு செய்ததோ அதையே முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சடித்து விற்றார். 'பங்க்' என்ற ஆங்கிலச் சொல்லும் மரியாதையான சொல் அல்ல. உருப்படாதவன், தெருப்பொறுக்கி என்று அர்த்தம். அந்தப் பிள்ளைகள் அதைத் தங்கள் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். என் மருமானுக்கு இந்த ஆங்கிலச் சொல்லின் கதை நன்றாகத் தெரியும். இரட்டைமலை சீனிவாசன் யார் என்று கேட்டான். இவ்வளவுக்கும் நாங்கள் பேசிக்கொண்டிருந்த திண்ணையிலிருந்து மதுராந்தகம் ஒரு பஸ் தூரம்.

சரி, சத்தம் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். காது விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பேச உரிமை உண்டு. இருபது வருடத்துக்கு மேல் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்தவன் நான். எங்கள் தொழிலே இரைச்சலைக் கேட்பதுதான். 500 கிலோஹெர்ட்ஸ் என்பது அப்போது உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் பொதுவான ஆபத்து அலைவரிசை. ஒவ்வொரு மணியிலும் 15-ஆவது நிமிடத்திலும் 45-ஆவது நிமிடத்திலும் மூன்று மூன்று நிமிடம் அதில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காது கொடுக்க வேண்டும். எங்கள் அறைக் கடிகாரத்தில் அந்த நிமிடங்கள் சிவப்பாகவே இருக்கும். எங்காவது ஒரு சின்னக் கப்பல், பழுதான மெஷினில், பலவீனமான சிக்னலில் கூப்பிடலாம் என்பதற்காக அந்த ஏற்பாடு. 1999 பிப்ரவரியில் சாட்டிலைட் முறை முழுக்க வந்ததும் எங்கள் வேலை ஒழிந்தது. அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, "சுத்தமாகக் கேட்கவில்லையே" என்று ஹெட்போனைக் கழற்றி வைக்கிறவன் அந்த வேலைக்கு லாயக்கில்லை என்பதுதான்.

நண்பர் சுருதி என்கிறார். எங்கள் வேதகிரீஸ்வரர் கோயில் சித்திரைத் திருவிழாவில் நாகஸ்வரத்துக்கு இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், காது கிழியும். அது அறைக்குள் வாசிக்கப் பிறந்த வாத்தியம் இல்லை. நாலு மாட வீதிக்கும் சுவாமி புறப்பாடு தெரிய வேண்டும். பறையும் வெளியில் பிறந்ததுதான். மெல்லிய தோலை வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, வாசிக்கும் முன் வைக்கோல் தீயில் காட்டிக் காய்ச்சுவார்கள். சூடு ஏற ஏறத் தோல் விறைத்துக் குரல் மேலே போகும். ஆறினால் இறங்கும், மறுபடியும் காய்ச்ச வேண்டும். இடது கையில் நீளமான மெல்லிய மூங்கில் குச்சி, வலது கையில் குட்டையான கனத்த குச்சி. இரண்டும் இரண்டு விதமாகப் பேசும். நெருப்பை வைத்துச் சுருதி சேர்க்கிற ஆளைப் பார்த்துச் சுருதி தெரியாதவன் என்பது அபத்தம். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் கருப்பொருள் சொல்லும்போது யாழையும் சொல்கிறது, பறையையும் சொல்கிறது. தமிழ் வாத்தியாருக்கு இதை நான் ஞாபகப்படுத்த வேண்டியிருப்பது காலக்கொடுமை.

மாட்டுத் தோல் என்று முகம் சுளிப்பவர்கள் மிருதங்கத்தை நினைத்துக்கொள்ளட்டும். அதிலும் மாட்டுத் தோல்தான், அதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள்தான். டி.எம். கிருஷ்ணா அவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 2020 ஜனவரியில் அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் ரத்து செய்தது. விழா வேறிடத்துக்குப் போனது. தோல் மேடைக்கு வரலாம், தோலின் கதை வரக் கூடாது என்று இதற்கு அர்த்தம்.

அடுத்த குற்றச்சாட்டு, கோஷம். இதில்தான் எனக்கு நிஜமாகவே ரத்தம் கொதிக்கிறது.

மூவரும் பாடிய தலம் எங்கள் ஊர். அப்பரைத் தினமும் ஓதுகிறோம். பல்லவ ராஜாவின் ஆள் வந்து அழைத்தபோது அப்பர் பாடியதாகச் சொல்லப்படும் பதிகம் என்ன? நாங்கள் யாருக்கும் அடிமையில்லை, எமனுக்கும் பயமில்லை என்று ஆட்சியின் முகத்தில் அறைந்த பாட்டு. அதை ஓதுவார் பாடும்போது என் நண்பர் கண்ணை மூடித் தலையாட்டுகிறார். ஏன் சார், அது கோஷம் இல்லையா? ஆயிரத்து முந்நூறு வருடம் ஆகிவிட்டதால் கோபம் ஆறிப் பண் மட்டும் மிஞ்சிவிட்டதா?

அவ்வளவு பின்னால் போக வேண்டாம். பாரதி நூல்களை 1928-இல் சென்னை அரசாங்கம் பறிமுதல் செய்தது. அன்றைய போலீஸ் காதுக்கு அவை சங்கீதம் இல்லை, ராஜத்துரோகம். பிறகு டி.கே. பட்டம்மாள் பாடினார், சபா கை தட்டியது, இன்று கச்சேரியின் கடைசியில் துக்கடாவாக ஜிலேபி மாதிரி பரிமாறுகிறார்கள். பாட்டு மாறவில்லை. கேட்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மாறினார்கள். பாரதியின் கோபம் வெள்ளைக்காரன் மேல் என்பதால் நமக்கு ஜீரணமாகிறது. இன்குலாப்பின் 'டா' நம்மைப் பார்த்து என்பதால் நெஞ்சில் நிற்கிறது. மாட வீதியில் பிறந்து வளர்ந்த நான் 'நம்மை' என்றுதான் எழுத முடியும்.

மருமானுடைய தவறு வேறு மாதிரி. அவனுக்குக் கோபப் பாட்டு பிடிக்கும், சத்தமும் பிடிக்கும். ஆனால் கோபம் தூரத்தில் இருக்க வேண்டும். வாஷிங்டன் கறுப்பர்களின் கோபத்தை அவன் ஆராதிக்கிறான், அதற்கு விலையும் கொடுக்கிறான். அந்தக் கேசட் இப்போது எல்பியாக, சிடியாக மறுபதிப்பு வந்து உலகமெங்கும் கிடைக்கிறது. பக்கத்தில் கிடந்த நகலுக்கு மறுபதிப்பும் இல்லை, விலையும் இல்லை. அவன் கெட்டவன் அல்ல. அவனுக்கு இந்தப் பாட்டு இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஒரு குழு நாலு பாட்டுப் பதிந்துவிட்டுக் கலைந்து போனாலும் எவனாவது ஒருவன் உட்கார்ந்து, எந்த ஸ்டுடியோ, எந்த வருடம், யார் டிரம்ஸ் என்று எழுதி வைக்கிறான். நம்மிடம் ஆராய்ச்சி என்றால் பாட்டின் வரிகளை மட்டும் எடுத்து, கவிதையாக்கி, நாலு பக்கம் விளக்கம். யார் அடித்தார்கள், எங்கே பதிந்தார்கள், எத்தனை பிரதி போட்டார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. பாட்டைப் பாட்டாக மதிக்காததன் அடையாளம் இதுதான். ஆதரித்தவர்களும் இதில் குற்றவாளிகள். கொள்கைக்காகப் பாராட்டினார்களே தவிர, அந்தக் குரல் மேல் ஸ்தாயியில் உடையாமல் நிற்பதைப் பற்றி, ஒருவர் அடியெடுத்துக் கொடுக்கக் குழு விழுந்து பிடிக்கும் அந்தக் கண நேர இடைவெளியைப் பற்றி ஒரு வரி எழுதியவர்கள் அபூர்வம்.

"இப்போதுதான் பறை எல்லா இடத்திலும் அடிக்கிறார்களே, சென்னை சங்கமம் வந்ததே, காலேஜ் கல்ச்சுரலில் கூட ஆடுகிறார்களே" என்று கேட்பீர்கள். ஆடட்டும், சந்தோஷம். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாடியதை நான் யூடியூபில் பார்த்தேன், இந்த வயதில் எழுந்து நின்றேன். கானாவும் கிடாரும் ஒரே மேடையில். ஆனால் விழாக்களில் பெரும்பாலும் நடப்பது வேறு. கலர் வேட்டி கட்டி, தலைப்பாகை கட்டி, நாலு சுற்று ஆடி, "நம் பாரம்பரியக் கலை" என்று அறிவிப்பாளர் சொல்லி, அடுத்தது ஒயிலாட்டம். அடி இருக்கிறது, பாட்டைக் காணோம். 'டா'வைக் கத்தரித்து எடுத்துவிட்டுத் தோலை மட்டும் மேடை ஏற்றுகிறோம்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. சாவுக்குப் பறையடிக்கும் கட்டாயத்தை உதறுவதற்காக "இனி அடிக்க மாட்டோம்" என்று பறையைக் கீழே வைத்தவர்கள் இருக்கிறார்கள். பறையை எரித்தவர்களும் உண்டு. அதே பறையை எடுத்து எங்கள் கலை என்று மேடைக்குக் கொண்டுவந்தவர்களும் அதே தெருவைச் சேர்ந்தவர்கள்தான். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல மாட வீதிக்காரனான எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் இந்தக் கேசட்டில் கேட்கிற அடி, கட்டாயத்துக்கு அடித்த அடி அல்ல என்பது மட்டும் காதுள்ள எவனுக்கும் தெரியும்.

கடைசியாக நண்பர் சொன்னது: "அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்ப யாரு சாதி பாக்கறா?" கல்யாணப் பத்திரிகையை மட்டும் எடுத்துப் பாருங்கள் என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். சாதிப் பட்டத்தைப் பெயரோடு போட்டுக்கொள்வதில்லை என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில், இங்கிருந்து அரை மணி பஸ் தூரத்தில், சுயமரியாதை மாநாடு கூடித் தீர்மானம் போட்டது. போன மாதம் எனக்கு வந்த மூன்று பத்திரிகைகளில் இரண்டில் பட்டம் இருந்தது.

கே.ஏ.ஜி. 2016 ஜனவரியில் போய்விட்டார். அதே வருடம் டிசம்பர் 1-ஆம் தேதி இன்குலாப். அவருடைய உடல், அவர் விருப்பப்படி, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த வருடம் 'காந்தள் நாட்கள்' தொகுப்புக்கு சாகித்திய அகாதமி விருது அறிவித்தபோது குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எழுதியவரும் இல்லை, பாடியவரும் இல்லை. மிச்சம் இருப்பது இந்த மாதிரிக் கேசட்டுகளும் கேட்டவர்களின் ஞாபகமும்.

கேசட் என்பது அதிக நாள் தாங்காது. கடற்கரைக் காற்று எங்கள் ஊர் வரைக்கும் வருகிறது. உப்பும் ஈரமும் சேர்ந்து நாடாவில் பூஞ்சை பூக்கும், வெள்ளையாகப் பொடி தட்டும். அழுத்தும் பஞ்சு விழுந்துவிடும். சுருள் ஒட்டிக்கொண்டால் திடீரென்று ஓட்டும்போது அறுந்துவிடும். என் நகலை முதலில் பென்சில் விட்டுக் கையாலேயே முழுக்க ஒரு தடவை சுற்றித் தளர்த்தினேன். ஹெட்டை ஸ்பிரிட்டில் துடைத்தேன். பதிந்த மெஷினில் ஹெட் கொஞ்சம் சாய்ந்திருந்திருக்கிறது, அதனால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்குருவைக் கால் சுற்றுத் திருப்பியதும் குரல் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தது. அந்த ஸ்குருவைத் தொடத் தெரியாமல் எத்தனை பேர் "ரெக்கார்டிங் சரியில்லை" என்று இந்த நாடாக்களைக் குப்பையில் போட்டார்களோ. பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, இரண்டு பக்கமும். இரைச்சலை எடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை மருமான் போட்டுக் கொடுத்தான். போட்டுப் பார்த்தேன், இரைச்சலோடு தோல் அடியின் நுனியும் போய்விட்டது. அழித்துவிட்டு இரைச்சலோடேயே வைத்திருக்கிறேன்.

அந்தக் கேசட்டின் அச்சடித்த அட்டையை நான் பார்த்ததில்லை. யாரிடமாவது அசல் இருந்தால், அட்டையின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்பக்கம் முக்கியம், வாசித்தவர்கள் பெயர் அங்கேதான் இருக்கும். நாடா ஒட்டிக்கொண்டிருந்தால் நீங்களாக ஓட்டிப் பார்க்க வேண்டாம். திருக்கழுக்குன்றத்துக்கு எடுத்து வாருங்கள். டூ-இன்-ஒன்னுக்குப் புது பெல்ட் போட்டிருக்கிறேன், பென்சிலும் ஸ்பிரிட்டும் தயாராக இருக்கின்றன. மதியத் தூக்கம் மூன்று மணிக்கு முடியும், அதற்கு மேல் எப்போது வந்தாலும் சரி.